லினக்ஸில் ப்ராசஸர் விவரம் பார்ப்பது எப்படி: "ஐ ஃபைவ்" என்று சொன்னால் மட்டும் போதாது

மார்த்தாண்டத்திலோ நாகர்கோவில் செட்டிகுளம் பக்கத்திலோ பழைய கம்ப்யூட்டர் விசாரித்துப் போனால் முதலில் காதில் விழுவது "ஐ ஃபைவ் அண்ணே, எட்டு ஜிபி ராம், எஸ்எஸ்டி போட்டிருக்கு" என்பதுதான். எந்த ஐ5 என்று கேட்டால் கேஸில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைக் காட்டுவார்கள். பழக்கடையில் போய் வாழைப்பழம் என்று மட்டும் கேட்டால் மட்டியா, செவ்வாழையா, ரசகதலியா என்று திருப்பிக் கேட்கிற ஊர் இது, கம்ப்யூட்டர் கடையில் மட்டும் யாரும் கேட்பதில்லை. 2011-ல் வந்த ஐ5-2400-ம் ஐ5தான், 2015-ல் வந்த ஐ5-6500-ம் ஐ5தான். ரெண்டுக்கும் நாலு கோர், ரெண்டிலும் ஹைப்பர் த்ரெடிங் (ஒரு கோரே ரெண்டு த்ரெடாக, அதாவது ரெண்டு சிபியு போல, வேலை செய்வது) கிடையாது, வேகமும் 3.1 கிகாஹெர்ட்ஸ், 3.2 கிகாஹெர்ட்ஸ் என்று கிட்டத்தட்ட ஒன்று. ஆனால் இன்றைக்கு வரும் சில லினக்ஸ் பதிப்புகள் பின்னதில் ஏறும், முன்னதில் ஏறவே ஏறாது. இது ஸ்டிக்கரில் இருக்காது. லினக்ஸிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும், கேட்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

அதனால் வாங்கப் போகும்போது பென் டிரைவில் லைவ் லினக்ஸ் (இன்ஸ்டால் செய்யாமல் அதிலிருந்தே ஓடுவது) ஒன்றைக் கையோடு எடுத்துப் போங்கள். டெபியன், மிண்ட் எதுவானாலும் சரி. பூட் செய்து பார்க்க விடமாட்டேன் என்கிற கடையில் வாங்காதீர்கள்.

ஒரு விஷயம். கமாண்டுகளை உச்சரிப்பிலேயே தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள், நான் இடைவெளி விட்ட இடத்தில் மட்டும் இடைவெளி விடுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

எந்தக் குடும்பம் என்று முதலில் பாருங்கள்

யூநேம் -எம்

இதைத் (யூ-என்-ஏ-எம்-இ) தட்டினால் ஒரே ஒரு சொல் வரும். எக்ஸ்86_64 என்று வந்தால் இன்டெல் அல்லது ஏஎம்டி, 64 பிட் கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி). ஐ686 என்று வந்தால் அதே குடும்பம், 32 பிட் கெர்னல். இரண்டு ஏ-வோடு தொடங்கும் ஆர்ச்64 என்றால் 64 பிட் ஆர்ம் (கைபேசிகளில் வரும் குடும்பம்), ஆர்ம்வி7எல் என்றால் 32 பிட் ஆர்ம். மிப்ஸ் என்று வந்தால் நீங்கள் அநேகமாக ஒரு ரவுட்டருக்குள் இருக்கிறீர்கள்.

இதை ஏன் முதலில் பார்க்கச் சொல்கிறேன் என்றால், இனி நாம் படிக்கப் போகும் விவரம் எல்லாமே குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். இன்டெலில் இருக்கும் வரி ஆர்மில் இருக்காது, ஆர்மில் இருக்கும் வரி மிப்ஸில் வேறு பெயரில் இருக்கும். இணையத்தில் யாரோ எழுதிய கமாண்டை அப்படியே போட்டுவிட்டு "ஒன்றும் வரவில்லையே" என்று உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப்பேருக்கு இதுதான் சிக்கல்.

இன்னொன்றும் கவனியுங்கள். யூநேம் சொல்வது கெர்னல் எது என்பதைத்தான், ப்ராசஸர் எது என்பதை இல்லை. 2011-ல் தொடங்கிய திட்டத்தில் அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினிகள் இங்கே வீட்டுக்கு வீடு பரணில் கிடக்கின்றன. அதில் யாராவது எப்போதோ 32 பிட் சிஸ்டம் போட்டிருந்தால் ஐ686 என்றுதான் வரும். அதைப் பார்த்துவிட்டு இது 32 பிட் மெஷின் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. டெபியன் 13-ல் 32 பிட் எக்ஸ்86-க்கு இன்ஸ்டாலரே இல்லை என்பதால் இந்த முடிவு தப்பினால் நல்ல மெஷின் ஒன்று ஆக்கருக்கு (பழைய இரும்புக்கு) போய்விடும். உண்மையில் 64 பிட் ஓடுமா என்பதற்கு எல்எம் என்ற ஒரு ஃபிளாக் (ப்ராசஸருக்கு இன்ன வசதி உண்டு என்று காட்டும் சொல்) இருக்கிறது, அது கீழே வருகிறது.

எல்எஸ்சிபியு போதும், பெரும்பாலும்

எல்எஸ்சிபியு

யூட்டில்-லினக்ஸ் என்ற தொகுப்போடு வருவது, எந்த டெஸ்க்டாப் லினக்ஸிலும் ஏற்கெனவே இருக்கும், ரூட் (நிர்வாகி) அனுமதி தேவையில்லை. ப்ராசஸர் பெயர், கோர் எண்ணிக்கை, கேஷ் (ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் சின்ன நினைவகம்), வேகம், விர்ச்சுவலைசேஷன், பாதுகாப்பு ஓட்டைகள் எல்லாம் ஒரே திரையில் வந்துவிடும். புதிதாகப் பார்ப்பவர்கள் மாடல் நேம் என்ற வரியை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். நான் பார்க்கச் சொல்வது மூன்று வரிகளை: த்ரெட் பெர் கோர், கோர் பெர் சாக்கெட், சாக்கெட் (போர்டில் ப்ராசஸர் செருகும் இடம்). இந்த மூன்றையும் பெருக்கினால் மேலே சிபியு என்று காட்டும் எண்ணிக்கை வர வேண்டும். நாலு கோர், கோருக்கு ரெண்டு த்ரெட், ஒரு சாக்கெட் என்றால் எட்டு. கடைக்காரர் எட்டு கோர் என்று விற்பது இந்த எட்டைத்தான். எட்டு சிபியு என்பதும் எட்டு கோர் என்பதும் ஒன்றில்லை.

இந்தப் பெருக்கல் புதிய இன்டெலில் உதைக்கும். 12-ஆம் தலைமுறையிலிருந்து பல மாடல்களில் பெரிய கோரும் சிறிய கோரும் கலந்து வருகின்றன. ஐ5-1235யு-வை எடுத்துக்கொள்ளுங்கள், பெரிய கோர் ரெண்டு, சிறிய கோர் எட்டு, மொத்தம் பத்து கோர். பெரிய கோருக்கு மட்டும்தான் ரெண்டு த்ரெட், ஆக 12 சிபியு. பெருக்கிப் பார்த்தால் இருபது வரும். மெஷினில் கோளாறு இல்லை, கணக்குதான் அந்த மெஷினுக்குப் பொருந்தாது. இதற்கு எல்எஸ்சிபியு -இ என்று தட்டினால் ஒவ்வொரு சிபியுவுக்கும் ஒரு வரி வரும், எது எந்தக் கோரில் இருக்கிறது, அதன் உச்ச வேகம் என்ன என்று தனித்தனியாகக் காட்டும். உச்ச வேகம் குறைவாக இருப்பவை சிறிய கோர்கள். 12-ஆம் தலைமுறை ஐ5 எல்லாமே இப்படி என்றும் நினைக்க வேண்டாம், ஐ5-12400-ல் ஆறும் பெரிய கோர்தான்.

கேஷ் வரியிலும் ஒரு சின்ன விஷயம். எல்எஸ்சிபியுவின் புதிய பதிப்புகள் எல்லாக் கோர்களின் கேஷையும் கூட்டி, பக்கத்தில் எத்தனை துண்டு என்று காட்டும். பழைய பதிப்பு ஒரு துண்டின் அளவை மட்டும் காட்டும். ரெண்டு மெஷினை ஒப்பிடும்போது ரெண்டிலும் ஒரே பதிப்பா என்று பாருங்கள், இல்லாவிட்டால் ஒன்றில் நாலு மடங்கு கேஷ் இருப்பதாகத் தோன்றும்.

ப்ராக்குக்குள் போவோம்

எல்எஸ்சிபியு காட்டும் விவரத்தில் பெரும்பகுதி அதன் சொந்தம் இல்லை, கெர்னல் ரெண்டு இடத்தில் வைத்திருப்பதை அழகாக அடுக்கித் தருகிறது. ஒன்று /ப்ராக்/சிபியுஇன்ஃபோ (ப்ராக் என்பது பி-ஆர்-ஓ-சி) என்ற ஃபைல், இன்னொன்று /சிஸ்/டிவைசஸ்/சிஸ்டம்/சிபியு (சிஸ் என்பது எஸ்-ஒய்-எஸ்) என்ற டைரக்டரி. முதலாவதைத் திறந்து பாருங்கள்:

லெஸ் /ப்ராக்/சிபியுஇன்ஃபோ

இன்டெல், ஏஎம்டி மெஷினில் ஒவ்வொரு சிபியுவுக்கும் ஒரு பத்தி வரும். வெண்டர் ஐடி வரியில் ஜெனுயின்இன்டெல் அல்லது அதென்டிக்ஏஎம்டி. அடுத்து சிபியு ஃபேமிலி, மாடல் என்று ரெண்டு எண்கள். இதைத்தான் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள், ஆனால் ஸ்டிக்கர் பொய் சொன்னாலும் இந்த எண் சொல்லாது. நாம் சந்தைக்குப் போனால் கண்ணில் படும் இன்டெல் மெஷின் அநேகமாக எல்லாவற்றிலும் ஃபேமிலி 6 என்றே இருக்கும், மாடல் எண்தான் தலைமுறையைக் காட்டும். 23 என்றால் கோர் 2 காலத்துப் பென்ரின். 42 சாண்டி பிரிட்ஜ், 58 ஐவி பிரிட்ஜ், 60 டெஸ்க்டாப் ஹாஸ்வெல், 94 டெஸ்க்டாப் ஸ்கைலேக். ஐ5-2400 மெஷினில் 42 வரும், ஐ5-6500 மெஷினில் 94 வரும். சில பட்டியல்களில் இதே எண்ணைப் பதினாறடிமானத்தில் 2ஏ, 5இ என்று போட்டிருப்பார்கள், குழம்ப வேண்டாம். ஏஎம்டியில் ஃபேமிலி எண்ணே பேசும்: 21 என்றால் எஃப்எக்ஸ் காலம், 23 என்றால் ஜென் முதல் ஜென் 2 வரை, 25 என்றால் ஜென் 3 அல்லது ஜென் 4.

சிப்ளிங்ஸ் என்ற வரியும் சிபியு கோர்ஸ் என்ற வரியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ரெண்டும் ஒரே எண் என்றால் ஹைப்பர் த்ரெடிங் இல்லை அல்லது அணைத்திருக்கிறது, முன்னது இரண்டு மடங்கு என்றால் ஓடுகிறது. ஃபிளாக் பட்டியலில் ஹெச்டி என்று இருப்பதைப் பார்த்து ஹைப்பர் த்ரெடிங் உண்டு என்று நம்பாதீர்கள், அது இல்லாத ஐ5-2400-லும் அந்த ஹெச்டி இருக்கும்.

ஃபிளாக்ஸ்: இதைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும்

ஒவ்வொரு பத்தியிலும் ஃபிளாக்ஸ் என்று நீளமாக ஒரு வரி, சின்னச் சின்ன சொற்களாக நிறைந்திருக்கும். பார்த்தால் தலை சுற்றும். ஆனால் என்னைக் கேட்டால் இந்த மெஷின் இன்னும் எத்தனை வருடம் உழைக்கும் என்பதற்கு மாடல் பெயரைவிட இந்த வரிதான் நேரான பதில்.

எல்எம் இருந்தால் 64 பிட் ஓடும். விஎம்எக்ஸ் இருந்தால் இன்டெலில் விர்ச்சுவல் மெஷின் (மெஷினுக்குள் இன்னொரு மெஷின்) ஓட்டலாம், ஏஎம்டியில் அதற்குப் பெயர் எஸ்விஎம். இது இல்லை என்று உடனே கைவிட வேண்டாம், பயாஸில் (மெஷினை ஆன் செய்ததும் உள்ளே போகக்கூடிய அடிப்படை செட்டிங்கில்) அணைத்து வைத்திருந்தால் புதிய கெர்னல்கள் அந்தச் சொல்லையே மறைத்துவிடும், பயாஸுக்குள் போய்த் திறந்துவிட்டு மறுபடி பாருங்கள். ஏஇஎஸ் இருந்தால் டிஸ்கை என்கிரிப்ட் செய்தாலும் வேகம் பெரிதாகக் குறையாது.

ஒரு சொல் இருக்கிறதா என்று பார்க்க:

கிரெப் -எம்1 -ஓடபிள்யூ ஏவிஎக்ஸ்2 /ப்ராக்/சிபியுஇன்ஃபோ

இருந்தால் அந்தச் சொல் திரும்ப வரும், இல்லாவிட்டால் வெறுமை. டபிள்யூ முக்கியம், அது இல்லாமல் ஏவிஎக்ஸ் என்று தேடினால் ஏவிஎக்ஸ்2-வும் அகப்படும், எஸ்எஸ்இ என்று தேடினால் ஊரே அகப்படும்.

இப்போது தொடக்கத்தில் சொன்ன ரெண்டு ஐ5-க்கு வருவோம். 64 பிட் எக்ஸ்86-ஐ இப்போது நாலு நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் நிலை எல்லா 64 பிட் மெஷினும். இரண்டாம் நிலைக்கு எஸ்எஸ்இ4_2, பாப்கவுண்ட் (ஃபிளாக்ஸில் பி-ஓ-பி-சி-என்-டி என்று ஆறெழுத்து) போன்றவை வேண்டும். மூன்றாம் நிலைக்கு அதோடு ஏவிஎக்ஸ், ஏவிஎக்ஸ்2, எஃப்எம்ஏ, பிஎம்ஐ1, பிஎம்ஐ2 எல்லாம் வேண்டும். சர்வர்களில் ஓடும் ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 9-க்கு இரண்டாம் நிலை கட்டாயம், 10-க்கு மூன்றாம் நிலை கட்டாயம். ஐ5-2400-ல் ஏவிஎக்ஸ் உண்டு, ஏவிஎக்ஸ்2 கிடையாது. ஆக 9 ஏறும், 10 ஏறாது. ஐ5-6500-ல் ரெண்டும் ஏறும். கோர் 2 டுவோ இ8400-ல் எஸ்எஸ்இ4_1-ஓடு நின்றுவிடும், 4_2 இல்லை, ஆகவே 9-ம் ஏறாது. ரெட் ஹேட்டை ஒட்டியே இலவசமாக வரும் அல்மாலினக்ஸ்காரர்கள் 10-ஆம் பதிப்புக்கு இரண்டாம் நிலை மெஷின்களுக்கென்றே தனியாக ஒரு பில்ட் தருகிறார்கள். டெபியனும் மிண்டும் முதல் நிலையிலேயே ஓடும் என்பதால் வீட்டில் பிரவுசர், பில்லிங், தட்டச்சு என்று ஓட்டுகிறவர்களுக்கு இது தலை போகிற விஷயம் இல்லை. சர்வர் படிக்கிறேன், சர்டிஃபிகேட் எழுதப் போகிறேன் என்று ஆசாரிப்பள்ளத்திலிருந்தோ தக்கலையிலிருந்தோ மெஷின் தேடும் பிள்ளைகளுக்குத்தான் இது மிக முக்கியம்.

புதிய மெஷின் என்றால் எல்லாம் இருக்கும் என்றும் நினைக்காதீர்கள். ஐ5-6500 வந்த அதே தலைமுறையில் வந்த பென்டியம் ஜி4400-ல் ஏவிஎக்ஸே கிடையாது. மலிவு லேப்டாப்களில் வரும் செலரான் என்4020-லும் கிடையாது. வருடம் பார்த்து வாங்கினால் ஏமாறுவோம், ஃபிளாக் பார்த்து வாங்கினால் ஏமாற மாட்டோம்.

ஒவ்வொரு சொல்லாகத் தேடச் சோம்பலாக இருந்தால் ஒரு குறுக்கு வழி உண்டு, ஜிலிப்சி (புரோகிராம்கள் நம்பியிருக்கும் அடிப்படை லைப்ரரி) 2.33 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு உள்ள சிஸ்டத்தில்:

/லிப்64/எல்டி-லினக்ஸ்-எக்ஸ்86-64.எஸ்ஓ.2 --ஹெல்ப்

கடைசிப் பகுதியில் எக்ஸ்86-64-வி4, வி3, வி2 என்று வரிசையாக வரும், எதன் பக்கத்தில் சப்போர்ட்டட் என்று இருக்கிறதோ அதுவரை உங்கள் மெஷின் தாங்கும். கையால் தேடுவோருக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை: கெர்னல் சில பெயர்களைத் தன் பழக்கப்படி எழுதும். எஸ்எஸ்இ3 என்பது பிஎன்ஐ என்றுதான் இருக்கும், எல்இசட்சிஎன்டி என்பது ஏபிஎம் என்று இருக்கும். காணவில்லை என்று பதற வேண்டாம்.

வேகம் 800 என்று காட்டினால்

3.2 கிகாஹெர்ட்ஸ் என்று வாங்கிய மெஷினில் சிபியு மெகாஹெர்ட்ஸ் வரி 800 என்று காட்டும். சண்டைக்குப் போக வேண்டாம், வேலை இல்லாதபோது ப்ராசஸர் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அது அந்த நொடியின் வேகம். உச்ச வேகம் தெரிய வேண்டும் என்றால் /சிஸ்/டிவைசஸ்/சிஸ்டம்/சிபியு/சிபியு0/சிபியுஃப்ரெக் டைரக்டரிக்குள் சிபியுஇன்ஃபோ_மேக்ஸ்_ஃப்ரெக் என்ற ஃபைலைப் பாருங்கள். கிலோஹெர்ட்ஸில் இருக்கும், 3600000 என்றால் 3.6 கிகாஹெர்ட்ஸ். பக்கத்திலேயே ஸ்கேலிங்_கவர்னர் என்ற ஃபைலில் பவர்சேவ் என்று இருக்கலாம், இன்டெலின் பிஸ்டேட் டிரைவரில் அதற்கு எப்போதும் குறைந்த வேகம் என்று அர்த்தம் இல்லை, தேவைக்கேற்ப ஏறி இறங்கும்.

அந்த உச்ச வேகத்தை மெஷின் நிஜமாகவே தொடுகிறதா என்பது வேறு கேள்வி, பழைய மெஷினில் அதைத்தான் சோதிக்க வேண்டும். குளச்சல், முட்டம் மாதிரி கடலோர ஊரில் வருடக்கணக்கில் ஓடிய மெஷின் என்றால் உப்புக் காற்றில் ஃபேனும் ஹீட்சிங்க்கும் என்ன கதியில் இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. சோதனை எளிது:

யெஸ் > /டெவ்/நல் &

கோர் எத்தனையோ அத்தனை தடவை இதைப் போடுங்கள், எல்லாக் கோரும் முழு வேகத்தில் உழைக்கத் தொடங்கும். இன்னொரு டெர்மினலில் வாட்ச் -என்1 கிரெப் -ஐ எம்ஹெச்இசட் /ப்ராக்/சிபியுஇன்ஃபோ என்று போட்டு சிபியு மெகாஹெர்ட்ஸ் வரிகளைப் பார்த்துக்கொண்டே இருங்கள். முதலில் ஏறி, சில நிமிடத்தில் பாதிக்கு இறங்கினால் சூடு தாங்கவில்லை என்று பொருள். வெப்பம் /சிஸ்/கிளாஸ்/தெர்மல்/ என்பதற்குக் கீழே தெர்மல்_ஸோன்0, 1 என்று வரிசையாக இருக்கும் டைரக்டரிகளில் டெம்ப் என்ற ஃபைலில் கிடைக்கும், ஆயிரத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். எந்த ஸோன் ப்ராசஸருடையது என்று பக்கத்தில் இருக்கும் டைப் ஃபைல் சொல்லும், இன்டெலில் எக்ஸ்86_பிகேஜி_டெம்ப் என்று இருப்பதைப் பாருங்கள். சோதனை முடிந்ததும் கில்ஆல் யெஸ் போட மறந்துவிட வேண்டாம், மறந்தால் பேட்டரி காலி.

போகோமிப்ஸ் என்ற வரியை வைத்து மட்டும் எதையும் முடிவு செய்யாதீர்கள். ராஸ்பெரி பை 4 என்ற கையடக்கப் போர்டு கம்ப்யூட்டரில் அது 108 என்று இருக்கும், பத்து வருடப் பழைய டெஸ்க்டாப்பில் ஆறாயிரத்துக்கு மேல் இருக்கும். 64 பிட் ஆர்மில் அந்த எண் உள்ளே இருக்கும் டைமரின் அதிர்வெண்ணிலிருந்து வருவது, வேகத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. பெயரிலேயே போலி (போகஸ்) என்று வைத்துத்தான் கொடுத்திருக்கிறார்கள்.

ராஸ்பெரி பையும் கைபேசியும்

ஆர்ம் மெஷினில் சிபியுஇன்ஃபோவைத் திறந்தால் முதல் ஏமாற்றம், மாடல் நேம் வரியையே பெரும்பாலும் காணாது. அதற்குப் பதில் சிபியு இம்ப்ளிமென்டர், சிபியு பார்ட் என்று பதினாறடிமான எண்கள் இருக்கும். இம்ப்ளிமென்டர் 41 என்றால் ஆர்ம் நிறுவனமே வடிவமைத்த கோர், 51 என்றால் குவால்காம், 61 என்றால் ஆப்பிள். பார்ட் டி03 என்றால் கார்டெக்ஸ் ஏ53, டி08 என்றால் ஏ72, டி0பி என்றால் ஏ76. பை 3, பை 4, பை 5 மூன்றிலும் முறையே இவைதான். இந்த எண்களை மனப்பாடம் செய்ய வேண்டாம், எல்எஸ்சிபியுவுக்குள் இந்தப் பட்டியல் இருக்கிறது, அதுவே பெயராக மாற்றித் தந்துவிடும். சிப் புதிது, எல்எஸ்சிபியு பழையது என்றால் மட்டும் எண்ணாகவே விட்டுவிடும்.

எந்தப் போர்டு என்பதை ப்ராசஸரிடம் கேட்காதீர்கள். பையில் ஹார்ட்வேர் என்ற வரி இருந்தால் பிசிஎம்2835 என்று காட்டும், பை 4-ல் உண்மையில் இருப்பது பிசிஎம்2711. ஹார்ட்வேர் வரி அங்கே பழைய குடும்பப் பெயராக நின்றுவிட்டது. சரியான வழி:

கேட் /ப்ராக்/டிவைஸ்-ட்ரீ/மாடல்

ராஸ்பெரி பை 4 மாடல் பி என்று ரிவிஷனோடு முழுப் பெயர் வரும். டிவைஸ் ட்ரீ (போர்டில் என்னென்ன இருக்கிறது என்று கெர்னலுக்குச் சொல்லும் பட்டியல்) வைத்து ஓடும் மற்ற ஆர்ம் போர்டுகளுக்கும் இதே வழிதான். சிபியுஇன்ஃபோவின் கடைசியில் இருக்கும் ரிவிஷன் எண்ணும் உதவும். சி03111 என்று இருந்தால் 4 ஜிபி ராம் உள்ள பை 4பி, போர்டு ரிவிஷன் 1.1. செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது 4 ஜிபி என்று சொல்லி 2 ஜிபி தந்தால் இதில் பிடித்துவிடலாம்.

பையில் இன்னொரு குழப்பமும் உண்டு. கெர்னல் 64 பிட், மேலே ஓடும் சிஸ்டம் 32 பிட் என்று கலந்து இருக்கலாம். யூநேம் ஆர்ச்64 என்று சொல்லும், ஆனால் 64 பிட் புரோகிராமைப் போட்டால் ஓடாது. கெட்கான்ஃப் லாங்_பிட் (லாங்_பிட் பெரிய எழுத்தில்) என்று தட்டினால் 32 அல்லது 64 என்று நேராகச் சொல்லிவிடும்.

கரண்டு ஏறி இறங்கும் ஊரில் பை வைத்திருப்பவர்கள் விசிஜென்சிஎம்டி கெட்_த்ராட்டில்ட் என்பதையும் ஒரு தடவை போட்டுப் பாருங்கள். 0 வந்தால் நல்லது. 50005 என்று வந்தால் இந்த நேரத்திலேயே வோல்டேஜ் குறைவு, வேகத்தையும் குறைத்து ஓடுகிறது. 50000 என்றால் இப்போது சரி, பூட் ஆனதற்குப் பிறகு எப்போதோ அப்படி ஆகியிருக்கிறது. பாதிக் கேஸில் குற்றவாளி ப்ராசஸர் இல்லை, கைபேசிக்கு வாங்கிய மலிவு சார்ஜர்.

ஆண்ட்ராய்டு கைபேசியும் லினக்ஸ் கெர்னல்தான், டெர்மக்ஸ் என்ற டெர்மினல் ஆப் போட்டு சிபியுஇன்ஃபோ பார்க்கலாம். எட்டுக் கோர் கைபேசியில் பார்ட் எண் நாலில் ஒன்றாகவும் மற்ற நாலில் வேறாகவும் இருந்தால் பெரிது சிறிது கலந்தது, எட்டிலும் டி03 என்றால் எட்டுமே சிறிய ஏ53. ஆக்டா கோர் என்று டப்பாவில் போட்டிருப்பது ரெண்டுக்கும் ஒன்றுதான். பழைய கைபேசிகளில் வேலை இல்லாத கோரை அணைத்துவிடும் வழக்கம் உண்டு, அப்போது சிபியுஇன்ஃபோவில் நாலு பத்திதான் இருக்கும். /சிஸ்/டிவைசஸ்/சிஸ்டம்/சிபியு/பிரசன்ட் என்ற ஃபைலில் 0-7 என்று இருந்தால் எட்டும் பத்திரமாக உள்ளே இருக்கின்றன.

ரவுட்டர், மற்றவை

ஓப்பன்டபிள்யூஆர்டி (ரவுட்டருக்கான லினக்ஸ்) போட்ட ரவுட்டரில் எல்எஸ்சிபியு பொதுவாக இருக்காது, கேட் /ப்ராக்/சிபியுஇன்ஃபோதான் கதி. மிப்ஸ் ரவுட்டரில் சிஸ்டம் டைப் என்ற முதல் வரியில் சிப்பின் பெயரும் சிபியு மாடல் வரியில் கோரின் பெயரும் இருக்கும். மீடியாடெக் எம்டி7621 சிப் என்றால் நாலு ப்ராசஸர் காட்டும், நிஜத்தில் ரெண்டு கோர், கோருக்கு ரெண்டு த்ரெட்.

ரிஸ்க்-வி என்ற இன்னொரு குடும்பத்துப் போர்டுகளில் ஹார்ட், ஐஎஸ்ஏ என்று வரிகள் இருக்கும். ஆர்வி64ஐஎம்ஏஎஃப்டிசி என்பது மாதிரி வருவதில் ஒவ்வொரு எழுத்தும் ஒரு வசதி, ஆர்வி64-க்கு அடுத்த ஒற்றை எழுத்துகளில் வி இருந்தால் வெக்டர் உண்டு. ஐபிஎம் பவர் மெஷினில் சிபியு என்ற வரியில் பவர்9 என்று பெயரும் கிளாக் என்ற வரியில் வேகமும் வரும். நம் பக்கத்தில் இது கண்ணில் படாது, கிளவுடில் வேலை செய்கிறவர்களுக்குப் படலாம்.

இத்தனை விதம் இருப்பதால்தான், ஸ்கிரிப்ட் எழுதும்போது சிபியுஇன்ஃபோவில் ப்ராசஸர் என்ற சொல்லை எண்ணிக் கணக்கெடுக்காதீர்கள் என்கிறேன். சில பழைய ஆர்ம் கெர்னல்களில் பெரிய எழுத்தில் ஒரு ப்ராசஸர் வரியும் சிறிய எழுத்தில் வேறு ப்ராசஸர் வரிகளும் இருக்கும், ஸ்பார்க் ப்ராசஸர்களில் அந்த வரிக்கே வேறு பெயர். எண்ணிக்கைக்கு என்ப்ராக் (என்-பி-ஆர்-ஓ-சி) என்ற கமாண்ட் அநேகமாக எல்லா இடத்திலும் ஓடும். வெறும் என்ப்ராக் உங்கள் ப்ராசஸுக்குக் கிடைப்பதைச் சொல்லும், என்ப்ராக் --ஆல் மெஷினில் உள்ளதைச் சொல்லும்.

மெஷினுக்குள் மெஷின்

ஃபிளாக்ஸில் ஹைப்பர்வைசர் என்று இருந்தால் நீங்கள் பார்ப்பது நிஜ இரும்பு இல்லை, விர்ச்சுவல் மெஷின். அங்கே மாடல் பெயர், கேஷ், சாக்கெட் எல்லாம் வெளியே இருக்கும் ஹைப்பர்வைசர் (விர்ச்சுவல் மெஷினை ஓட்டும் புரோகிராம்) காட்டச் சொன்னவை. சிஸ்டம்டி-டிடெக்ட்-விர்ட் என்ற கமாண்ட் எது என்று பெயரோடு சொல்லிவிடும். டாக்கரில் (அதே கெர்னலில் புரோகிராம்களைத் தனித்தனிப் பெட்டியாக ஓட்டுவது) கதை நேர் எதிர், உள்ளே இருந்து சிபியுஇன்ஃபோ பார்த்தால் வெளி மெஷினின் 32 சிபியுவும் தெரியும், உங்களுக்கு ஒதுக்கியது ரெண்டாக இருக்கலாம். /சிஸ்/எஃப்எஸ்/சிகுரூப்/சிபியு.மேக்ஸ் என்ற ஃபைலில் 200000 100000 என்று இருந்தால் முதல் எண்ணை இரண்டாவதால் வகுங்கள், ரெண்டு சிபியு. மேக்ஸ் என்று இருந்தால் வரம்பு இல்லை.

டிஎம்ஐடிகோட் -டி ப்ராசஸர் என்ற கமாண்டையும் பலர் சொல்வார்கள். ரூட் அனுமதி வேண்டும், பயாஸ் எழுதி வைத்ததைப் படித்துச் சொல்லும், எந்த சாக்கெட் என்று தெரிந்துகொள்ள நல்லது, அதே போர்டில் இன்னும் பெரிய ப்ராசஸர் போடலாமா என்று யோசிக்கிறவர்களுக்கு இது வேண்டும். ஆனால் அதில் வரும் மேக்ஸ் ஸ்பீட் சாக்கெட் தாங்கும் உச்சம், உங்கள் ப்ராசஸரின் உச்சம் இல்லை. பையில் இது பெரும்பாலும் வேலை செய்யாது.

பாதுகாப்பு ஓட்டைகளைப் பார்க்க கிரெப் . /சிஸ்/டிவைசஸ்/சிஸ்டம்/சிபியு/வல்னரபிலிட்டீஸ்/* என்று போடுங்கள், 2018-ல் வெளிவந்த மெல்ட்டவுன், ஸ்பெக்டர் முதல் வரிசையாக வரும். மிட்டிகேஷன் என்று இருந்தால் சமாளித்திருக்கிறது, வல்னரபிள் என்று மட்டும் இருந்தால் கெர்னலையும் மைக்ரோகோடையும் அப்டேட் செய்யுங்கள்.

இத்தனையும் பார்த்துவிட்டு யாரிடமாவது உதவி கேட்கப் போகிறீர்கள் என்றால் மொபைலில் திரையைச் சாய்வாகப் படம் பிடித்து அனுப்பாதீர்கள், பாதி ஃபிளாக் தெரியாது. இப்படி ஃபைலாக எடுங்கள்:

எல்சி_ஆல்=சி எல்எஸ்சிபியு > விவரம்.டிஎக்ஸ்டி

எல்சி_ஆலும் சமன் குறிக்கு அடுத்த சியும் பெரிய எழுத்தில். சிஸ்டம் எந்த மொழியில் இருந்தாலும் லேபிள்கள் ஆங்கிலத்திலேயே வரும், படிக்கிறவருக்கும் ஸ்கிரிப்டுக்கும் அதுதான் வசதி. சி-க்கு அடுத்த கமாண்டுக்குப் பின்னால் -ஜே (பெரிய எழுத்து) சேர்த்தால் ஜேசன் வடிவில் கிடைக்கும். பையின் சிபியுஇன்ஃபோவைச் சேர்த்து அனுப்பினால் அடியில் இருக்கும் சீரியல் வரியை அழித்துவிட்டு அனுப்புங்கள், டிஎம்ஐடிகோட் முழுதாக எடுத்தாலும் சீரியல் நம்பர், யூயூஐடி ரெண்டையும் நீக்கிவிடுங்கள், உதவி செய்கிறவருக்கு அவை எதற்கும் தேவைப்படாது.